வழக்கமும் வழக்கும்

வழக்கம் என்றும் வழக்கு என்றும் இரண்டு சொற்கள் தமிழில் உண்டு. வேர் ஒன்றே. நெடுங்காலமாக மக்களிடையே வழங்கி வருவது வழக்கம். அவ்வழக்கத்தால் நலிந்தவன், ‘இது முறையா?’ என்று மன்றத்தின் முன் நின்று கேட்பது வழக்கு. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர் ஒருவரையொருவர் எதிர்த்துக் களத்தில் நிற்பதுபோல, நம் நாட்டில் வழக்கமும் வழக்கும் நூறாண்டுக்கு மேலாகப் போரிட்டு வருகின்றன. அப்போர் கடுமையாக நடந்த களங்களுள் ஒன்று, விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, அதனை அடுத்த கமுதி ஆகிய ஊர்களைக் கொண்ட கரிசல் சீமை.

அச்சீமையோடு தொடர்புடைய வழக்குகள் சிலவற்றை இங்கே எடுத்து வைக்க எண்ணுகிறோம். நீதிமன்றத்தின் புகழ் பாடுவதற்காக அல்ல. நீதிமன்றம் வீண் என்று தூற்றுவதற்காகவும் அல்ல. வழக்கு என்னும் கருவிக்கு வலிமை எங்கிருந்து வருகிறது? கறுப்பு அங்கியிலிருந்தா? கனமான சட்டப் புத்தகங்களிலிருந்தா? தலைநகரத்துப் பெரிய வழக்கறிஞரின் நாவன்மையிலிருந்தா? அல்லது வேறெங்கிருந்தேனுமா? இதனை ஆராய்வதே நம் நோக்கம்.

மதுரை மன்றத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் முன் நின்று வழக்குரைத்தாள் கண்ணகி. அவளுக்காக வாதிட எவரும் இல்லை. ஆனால் அவள் கையில் சான்று இருந்தது. கோப்பெருந்தேவியின் சிலம்பில் முத்து. தன் சிலம்பில் மாணிக்கம். உடைத்துக் காட்டினாள், வென்றாள். ஆயினும் அவ்வெற்றியால் கோவலன் உயிர் பெற்று வரவில்லையே! சான்று இருந்தது, நீதியும் கிடைத்தது, காலமோ கடந்துவிட்டது. சான்றைக் காக்க வேண்டும், காலத்தில் மன்றம் ஏற வேண்டும் என்பதற்கு இதைவிடப் பழைய பாடம் தமிழரிடம் இல்லை. அந்தப் பாடத்தை மனத்தில் கொண்டு கமுதிக்குச் செல்வோம்.

கமுதியின் கதவு

1897ஆம் ஆண்டு மே திங்கள். இராமநாதபுரம் சமஸ்தானத்துக் கமுதியில், மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் சென்று வழிபட்டனர். அவர்கள் கொள்ளையிடச் செல்லவில்லை, குழப்பம் விளைவிக்கச் செல்லவில்லை, கும்பிடச் சென்றார்கள். அதுவே குற்றமாயிற்று! கோயிலின் பரம்பரை அறங்காவலர் பாஸ்கர சேதுபதி மதுரைச் சார்பு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1893இல், விவேகானந்தர் சிகாகோ சென்று பேசுவதற்குப் பொருளுதவி புரிந்தவர் இதே சேதுபதிதாம். கடல் கடந்த நாட்டில் இந்து மதத்தின் பரந்த உள்ளத்தைப் பற்றி முழக்கம். கமுதியிலோ கதவை மூடுவதற்கு வழக்கு!

வாதியின் தரப்பு என்ன? கள்ளிறக்கும் தொழிலோடு பிணைக்கப்பட்ட சாதியினர் கோயிலுக்குள் நுழைவது ஆகமத்துக்கு மாறானது, வழக்கத்துக்கு மாறானது. ஆகவே நுழையக் கூடாது என்று தடை வேண்டும். நுழைந்ததால் ஏற்பட்ட ‘தீட்டை’ நீக்கும் சடங்குக்குப் பணமும் வேண்டும். வழிபட்டதற்கு நட்ட ஈடு! உலகின் வேறு எந்த நாட்டு நீதிமன்றத்தில் இப்படியொரு கணக்கு எழுதப்பட்டிருக்கும்?

இந்த வழக்கு நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே சாதிப் பகை சீமையெங்கும் மூண்டது. 1899ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள், சுற்று வட்டாரத்திலிருந்து திரண்ட ஆயிரக்கணக்கானோர் சிவகாசியைத் தாக்கினர். வீடுகள் எரிந்தன, உயிர்கள் மாய்ந்தன, தென்மாவட்டச் சிற்றூர்கள் பலவற்றுக்கும் கலவரம் பரவியது. தாக்கியவரும் உழைப்பாளி, தாக்கப்பட்டவரும் உழைப்பாளி. இருவருக்கும் இடையே பகையை விதைத்த சாத்திரமோ எந்தக் கூண்டிலும் ஏற்றப்படவில்லை. அதன் பிறகு சில வாரங்களில், ஜூலைத் திங்களில், மதுரை நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. நாடார்கள் தோற்றனர். சென்னை உயர்நீதிமன்றம் சென்றனர், அங்கும் தோற்றனர். ஊர்தோறும் நிதி திரட்டி, கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றனர். 1908இல் அங்கும் தோல்வியே.

இடையில் நடந்த ஒன்று நம் இளைஞர்கள் கவனிக்கத் தக்கது. சேதுபதியே ஒரு கட்டத்தில் நாடார்களின் உரிமையை ஏற்றுச் சமரசம் செய்துகொள்ள இசைந்தார். மன்றங்கள் அதை ஒப்பவில்லை. கோயிலின் வழக்கத்தை விட்டுக்கொடுக்க அறங்காவலருக்கு அதிகாரம் கிடையாது என்று கூறிவிட்டன. வழக்குத் தொடுத்தவன் மனம் இளகினாலும் வழக்கம் இளகாது. அரசன் கதவைத் திறந்தாலும் ஆகமம் திறக்காது! மனிதனைவிட வழக்கம் பெரிதாக்கப்பட்டதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

தோல்விக்கு வேறொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. ‘மனிதன் எவனும் தீட்டுடையவன் அல்லன்’ என்பது அன்று எதிர்வாதிகளின் அடிப்படை வாதமாக இல்லை. ‘நாங்கள் க்ஷத்திரியர், பாண்டிய மரபினர், ஆகவே எங்களுக்கு உரிமை உண்டு’ என்பதே அவர்கள் வாதம். படிக்கட்டை இடிக்க அவர்கள் கேட்கவில்லை. மேற்படியில் இடம் கேட்டார்கள். எதிரி வகுத்த விதிகளை ஏற்றுக்கொண்டு, அவ்விதிகளின்படியே அவனை வெல்ல முயன்றார்கள். படிக்கட்டு இருக்கும்வரை எந்தப் படியில் யார் நிற்பது என்பதை முடிவு செய்பவன் படிக்கட்டைக் கட்டியவனே அன்றோ?

ஆனால் தோற்றவர்கள் துவண்டு விழவில்லை என்பதே இவ்வரலாற்றின் சிறப்பு. வணிகர்கள் தங்களுக்குள் மகமை என்ற பொதுநிதி சேர்க்கும் ஏற்பாட்டை உறவின்முறை வழியாக முன்பே வளர்த்திருந்தனர். விருதுபட்டியில் 1889இலேயே பள்ளி கண்டிருந்தனர். பின்னாளில் காமராசர் படித்தது அங்கேதான். 1910இல் நாடார் மகாஜன சங்கம் பிறந்தது. 1921இல் தூத்துக்குடியில் வங்கி எழுந்தது. அவ்வாண்டு மக்கள் தொகைக் கணக்கில் இழிவாக ஒலித்த பழைய பெயர் நீங்கி நாடார் என்ற பெயர் ஏறியது. விருதுபட்டி 1923இல் விருதுநகர் ஆயிற்று. சட்டமன்றத்துள் நுழைந்த டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார், 1929இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். மூன்றாம் மாநாடு 1931இல் விருதுநகரிலேயே கூடிற்று. மேற்படி கேட்டவர்களின் மக்கள், படிக்கட்டையே கேள்வி கேட்கத் தொடங்கினர்!

1939 ஜூலை 8ஆம் நாள், மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட தோழர்கள் ஐவரும் நாடார் ஒருவரும் நுழைந்தனர். அழைத்துச் சென்றவர் வைத்தியநாத அய்யர். அவர் மதுரையில் தொழில் செய்த வழக்கறிஞர் என்பதை நினைவில் வைப்போம். உடனே அரசு ஓர் அவசரச் சட்டமும், பின்னர் ஆலய நுழைவு அதிகாரமளிப்பு, காப்பீட்டுச் சட்டமும் கொண்டுவர நேர்ந்தது. காப்பீடு எதற்காக? நுழைந்தோர் மீதும், நுழைய விட்டோர் மீதும் வழக்குப் பாயாதிருப்பதற்காக. கமுதித் தீர்ப்பு முப்பது ஆண்டுக்குப் பின்னும் கோயில் வாயிலில் காவல் நின்றதை இது காட்டுகிறது. 1947இல் வந்த சட்டம் மாகாணத்துக் கோயில்களின் கதவுகளை எல்லா இந்துக்களுக்கும் திறந்தது. மூன்று நீதிமன்றங்களில் தோற்ற கோரிக்கை, மக்கள் மன்றத்தில் வென்றது.

சுக்கிலநத்தத்து மாலை

அதே சீமையில், அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில், 1928இல் ஒரு திருமணம் நடந்தது. புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை, அக்கினி வலம் இல்லை. பெரியார் முன்னிலையில் நடந்த அத்திருமணம் முதல் சுயமரியாதைத் திருமணம் எனப் போற்றப்படுகிறது. பின்னர் ஆயிரமாயிரம் இணையர் அவ்வழி நடந்தனர். தமிழில் உறுதிமொழி கூறினர், மாலை மாற்றினர், இல்லறம் நடத்தினர், பிள்ளை பெற்றனர்.

சொத்து வழக்கு ஒன்று வந்தபோது சட்டம் கண் விழித்தது. தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார் என்ற வழக்கில், 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் இத்தகைய திருமணம் செல்லாது என்றது. காரணம்? மீண்டும் அதே சொல்தான், வழக்கம்! சாத்திரச் சடங்கு இருக்க வேண்டும். அல்லது தொன்றுதொட்டு வந்த வழக்கம் இருக்க வேண்டும். நேற்று முளைத்த இயக்கம் ஒன்று தனக்கெனப் புதிய மணமுறை வகுத்துக்கொள்ள முடியாது என்பது தீர்ப்பின் சாரம். பழமையாக இருந்தால் மடமையும் சட்டமாகும்; புதுமையாக இருந்தால் அறிவும் செல்லாது! அறிவோடும் அன்போடும் வாழ்ந்த இணையரின் மக்கள், ஒரு தீர்ப்பின் வரிகளால் முறையற்ற மக்கள் ஆக்கப்பட்டனர்.

இங்கும் தோற்றவர்கள் துவளவில்லை. நீதிமன்றம் சட்டத்தைக் காட்டியது. மக்கள் சட்டமன்றத்தைப் பிடித்தார்கள். 1967இல் அண்ணா தலைமையில் அமைந்த அரசு, இந்து திருமணச் சட்டத்துக்குத் திருத்தம் கண்டு 7ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. 1968 சனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. உற்றார், நண்பர் முன்னிலையில், இருவரும் அறிந்த மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகக் கூறினாலும், மாலை மாற்றினாலும், மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் திருமணம் செல்லும். அதற்கு முன் நடந்தவையும் செல்லும். 2023இல் உச்சநீதிமன்றம், இளவரசன் என்பவர் தொடுத்த வழக்கில், இத்திருமணத்துக்கு ஊரறிந்த கொண்டாட்டமோ பொது அறிவிப்போ கட்டாயமில்லை என்றும், வழக்கறிஞர்கள் தம் தொழில்முறையில் அன்றி நண்பராகவோ உறவினராகவோ முன்னின்று நடத்தலாம் என்றும் தெளிவாக்கியது. சாதிக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடிவரும் காதல் இணையருக்கு இத்தீர்ப்பு எத்துணைப் பெரிய அரண் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இரண்டு வழக்குகள்; இரண்டிலும் தோல்வி; இரண்டும் பின்னர் சட்டமாக வென்றன. தோற்ற வழக்கும் வீண் அன்று. அதன் பின்னால் மக்கள் நின்றால்! அப்படியானால், வென்ற வழக்கு தானே வாழுமா? அதற்கு விடை சிவகாசியில் இருக்கிறது.

குச்சி அடுக்கிய விரல்கள்

மழை பொய்த்த மண். கிணறு வற்றிய காடு. அந்தச் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். 1923இல் ஆலை கண்டனர். பின்னர் பட்டாசும் அச்சுத் தொழிலும் சேர்ந்தன. வானம் கைவிட்ட ஊருக்கு மனித முயற்சி வாழ்வு தந்தது. இதைப் போற்றாதிருக்க முடியுமா?

ஆனால் அந்த வாழ்வில் குழந்தைகளின் பங்கு எது? கட்டை அடுக்கவும், பெட்டி ஒட்டவும் சின்னஞ்சிறு விரல்களே வசதி என்றார்கள். விடியுமுன் சிற்றூர்களுக்கு வண்டி வந்து, தூக்கக் கலக்கத்தோடு குழந்தைகளைத் ‘தீப்பெட்டி ஆபீசு’க்கு ஏற்றிச் செல்லும். கேட்டால், ‘வழக்கம்’ என்றார்கள். ‘வீட்டில் வறுமை, பிள்ளை நாலு காசு கொண்டுவருவது இந்தப் பக்கத்து வழக்கம்’ என்றார்கள். கோயில் கதவை மூடிய அதே சொல், இங்கே பள்ளிக்கூடத்தின் கதவை மூடியது!

வழக்கறிஞர் எம். சி. மேத்தா 1986இல் உச்சநீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். 1990 அக்டோபர் 31ஆம் நாள் முதல் தீர்ப்பு. தீப்பெட்டி செய்யும் வேலையில் குழந்தைகள் கூடாது; ஆனால் செய்யுமிடத்துக்கு அப்பால், அடைத்துக் கட்டும் வேலையில் இருக்கலாம்; அவர்களுக்குப் பெரியவர் கூலியில் நூற்றுக்கு 60 பங்கு தரவேண்டும்; தொழிலாளர்க்கு 50,000 ரூபாய்க் காப்பீடு வேண்டும் என்றது அத்தீர்ப்பு. பாதிக் கதவு திறந்தது; பாதி மூடியே இருந்தது. 1991இல் சிவகாசிப் பட்டாசு ஆலை ஒன்றில் நேர்ந்த கொடிய விபத்துச் செய்தி கண்டு, நீதிமன்றம் தானே அதனை எடுத்துக்கொண்டு வழக்கறிஞர் குழுவொன்றை ஆய்வுக்கு அமைத்தது. 1996 டிசம்பர் 10ஆம் நாள் வந்தது பெருந்தீர்ப்பு. சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு அமர்த்திய முதலாளி, குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் மறுவாழ்வு நிதிக்குச் செலுத்த வேண்டும். அக்குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு அரசு வேலை தேடித் தர வேண்டும், இயலாவிடில் குழந்தைக்கு 5,000 ரூபாய் அந்நிதியில் சேர்க்க வேண்டும். குழந்தை பள்ளிக்குச் செல்ல வேண்டும். தீர்ப்பு சிவகாசியோடு நிற்கவில்லை. பிரோசாபாத் கண்ணாடி, மிர்சாபூர் கம்பளம், அலிகார் பூட்டு, மார்க்காபூர் சிலேட்டு என்று நாடு முழுதும் பரந்தது.

வழக்கு வென்றது. ஆனால் தீர்ப்பு என்பது காகிதம். அதைக் காலையில் ஊருக்குள் வரும் வண்டியின் முன் நிறுத்துவது யார்? பதிவேட்டில் பெயர் இல்லாத குழந்தையைக் கண்டுபிடிப்பது யார்? ஆலைக்குள் வேலை தடுக்கப்பட்டால், பெட்டி ஒட்டும் வேலை வீட்டுத் திண்ணைக்கு இடம் மாறும். திண்ணைக்கு ஆய்வாளர் வருவாரா? பதினான்கு வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்ற முழுத்தடை, குடும்பத் தொழிலுக்கும் கலைத்துறைக்கும் சில விலக்குகளுடன், 2016இல்தான் சட்டமாயிற்று. வழக்குத் தொடுத்த 1986க்கும் அதற்கும் இடையே முப்பது ஆண்டுகள்! அன்று பிறந்த குழந்தை அதற்குள் தானே பிள்ளை பெற்றிருக்கும். சத்துணவும், பள்ளிக்கூடமும், தாயின் கூலி உயர்வும், ஆசிரியரும், தொழிற்சங்கத்தாரும், தொண்டர்களும் சேர்ந்தே அந்தத் தீர்ப்புக்கு உயிர் கொடுக்க வேண்டியிருந்தது.

டில்லியின் அந்தியும் தமிழகத்தின் வைகறையும்

அண்மைக் காலத்து வழக்கு ஒன்று. டில்லியின் நச்சுக் காற்றைச் சுவாசிக்கும் பச்சிளங் குழந்தைகள் மூவரின் பெயரால் 2015இல் பட்டாசுக்கு எதிராக மனு வந்தது. அர்ஜுன் கோபால் வழக்கு என்பது அதன் பெயர். 2018 அக்டோபர் 23ஆம் நாள் உச்சநீதிமன்றம் முழுத்தடை விதிக்க மறுத்தது. பேரியம் உப்பையும் சரவெடியையும் விலக்கியது. பசுமைப் பட்டாசை மட்டும் ஏற்றது. தீபாவளியன்று இரவு 8 மணி முதல் 10 மணி வரை வெடிக்கலாம் என்றது.

தீபாவளியை நாம் கொண்டாடுவதில்லை. அதன் கதையையும் நாம் ஏற்பதில்லை. ஆயினும் இந்த நேரக் கட்டளையில் ஒரு பாடம் இருக்கிறது. வடநாட்டில் வெடிப்பது அந்தியில். தமிழகத்தில் வெடிப்பது வைகறையில். இந்த வேறுபாட்டைத் தமிழக அரசு எடுத்துச் சொன்ன பிறகே, இரண்டு மணி நேரம் என்ற வரம்புக்குள் நேரத்தை மாற்றிக்கொள்ள மன்றம் இசைந்தது. காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று இங்கே வகுக்கப்பட்டது. பண்டிகை நேரத்தைப் பற்றியே தலைநகரத்து மன்றத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்ததென்றால், சாத்தூர்க் கரிசல் காட்டில் மருந்து அறைக்குள் என்ன நடக்கிறது என்பதை அம்மன்றம் தானே எப்படி அறியும்? டில்லிக் குழந்தையின் நுரையீரலும் காக்கப்பட வேண்டும். வெம்பக்கோட்டைத் தாயின் கூலியும் காக்கப்பட வேண்டும். இரண்டையும் ஒரு தராசில் வைக்கும்போது, மருந்து செலுத்தும் தொழிலாளியின் குரல் எத்துணை வலிவோடு அங்கே ஒலிக்கும்? அவர் பக்கத்தில் நின்று, அவர் வாழ்வை அறிந்து, சான்றைத் திரட்டி அனுப்பும் ஒருவர் ஊரில் இருந்தால்தானே!

ஊர் வழக்கறிஞரின் வலிமை

இங்கேதான் நாம் சொல்ல வந்த கருத்துக்கு வருகிறோம். வழக்காடுவதையே தொழிலாகக் கொண்டு, ஒரு வட்டாரத்திலேயே வேரூன்றிய வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றுக்கு உள்ள வலிமை, தலைநகரத்துப் பெருநிறுவனத்துக்கு இல்லை. மாடியும் மின்தூக்கியும் இல்லாதிருக்கலாம். ஆனால் மண்ணறிவு உண்டு.

முதல் வலிமை, மொழி. கருந்திரி என்றால் என்ன, மணிமருந்து என்றால் என்ன, நாக்பூர் உரிமத்துக்கும் மாவட்ட வருவாய் அலுவலர் தரும் உரிமத்துக்கும் வேறுபாடு என்ன, உள்குத்தகை எப்படி நடக்கிறது என்பதைச் சாட்சி சொல்லும்போதே புரிந்துகொள்பவர் ஊர் வழக்கறிஞர். மொழிபெயர்ப்பில் சாட்சியம் பாதி செத்துவிடும்.

இரண்டாவது வலிமை, அண்மை. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் ஏறத்தாழ நாற்பது உயிர்கள் ஒரே நாளில் மாண்டன. 2021 பிப்ரவரி 12ஆம் நாள் அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வெடித்த மறுநாள் இடிபாடு அகற்றப்படும். எந்த அறையில் எத்தனை பேர் இருந்தனர், விதி ஒப்பியதற்கு மேல் எத்தனை பேர், மரத்தடியில் எது நடந்தது, உரிமம் யார் பெயரில், ஆலையை நடத்தியவர் யார் என்பனவெல்லாம் சில நாட்களில் மறைந்து போகும் சான்றுகள். கண்ணகிக்குச் சிலம்பு கையில் இருந்தது. இங்கே சிலம்பு சாம்பலில் கிடக்கிறது. அன்றைக்கே அங்கு நிற்பவரால்தான் அதைப் பொறுக்க முடியும்.

மூன்றாவது வலிமை, தொடர்ச்சி. பிரேத விசாரணை முதல், குற்ற வழக்கு, இழப்பீட்டு மனு, காப்பீட்டுத் தொகை, மேல்முறையீடு வரை ஒரே விபத்திலிருந்து பல வழக்குகள் கிளைக்கும். செய்தித்தாளில் ‘உரிமையாளர், போர்மேன் மீது வழக்குப் பதிவு’ என்ற வரியோடு நாடு மறந்துவிடும். அலுவலகம் மறக்காது. ஒருவர் குற்ற வழக்கை அறிந்தவராகவும், மற்றொருவர் தொழிலாளர் சட்டம் அறிந்தவராகவும், இன்னொருவர் உரிமையியல் அறிந்தவராகவும் ஒரே கூரையின் கீழ் இருந்தால், பத்தாண்டு நடக்கும் வழக்கும் நடுவழியில் அநாதை ஆகாது.

ஓர் எடுத்துக்காட்டு. தொழிலாளி இறந்தால் அதற்குரிய இழப்பீட்டை முதலாளி நேரே குடும்பத்தின் கையில் திணித்துக் கணக்கை முடித்துக்கொள்ள இயலாது. உரிய அதிகாரியிடம் செலுத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் விதித்தது. 2020இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அந்நெறியைக் கைவிடவில்லை. ஏன் இந்த விதி? அழுத கண்ணோடு நிற்கும் கைம்பெண்ணிடம் சிறு தொகையைக் கொடுத்து, வெற்றுத் தாளில் கைரேகை வாங்கிவிடக் கூடாது என்பதற்காக. விதி புத்தகத்தில் இருக்கிறது. அதை அந்தப் பெண்ணின் காதில், பேரம் முடிவதற்கு முன், சொல்பவர் வேண்டாமா? அச்சங்குளம் விபத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே விசாரணைக்கு எடுத்து, முன்னாள் நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்து, மாண்டவர் குடும்பத்துக்குத் தலா 20 இலட்சம் ரூபாய் என்று ஆணையிட்டது. ஆணைக்கும் அது பணமாகக் கைக்கு வருவதற்கும் இடையே உள்ள தூரத்தை ஏழை தனியே நடக்க முடியாது.

அண்மையில் வலிமை மட்டுமல்ல, ஆபத்தும் உண்டு என்பதை மறைக்க மாட்டோம். ஊர் வழக்கறிஞருக்கு ஆலை முதலாளி உறவினராக இருக்கலாம். ஒரே சாதிச் சங்கத்தில் இருவரும் உறுப்பினராக இருக்கலாம். அந்தக் கட்டை அறுக்கும் துணிவு இல்லாதவரிடம் மண்ணறிவு இருந்து பயனில்லை. ஆகவே சட்ட அறிவோடு சமுதாய உணர்வும் வேண்டும். அது பகுத்தறிவு இளைஞரிடம் இல்லையென்றால் வேறு யாரிடம் இருக்கும்?

கமுதி வழக்கு மதுரை, சென்னை, இலண்டன் என்று அலைந்தது. இன்று தூரம் குறைந்திருக்கிறது. மாவட்ட நீதிமன்றம் திருவில்லிபுத்தூரில். உயர்நீதிமன்றத்தின் கிளை 2004 ஜூலை முதல் மதுரையில். 1987ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 1995இல் நடைமுறைக்கு வந்த சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், தாழ்த்தப்பட்டோர்க்கும், தொழிலாளர்க்கும் கட்டணமின்றி வழக்கறிஞர் பெறும் உரிமையை அளித்திருக்கிறது. வாயில் திறந்திருக்கிறது. வழிகாட்டத்தான் ஆட்கள் போதவில்லை.

தோழர்களே! சட்டம் பயிலும் இளைஞர்கள் நம்மிடையே பலர் உண்டு. பட்டம் பெற்றதும் தலைநகரம் நோக்கி ஓடுவது வழக்கம். அந்த வழக்கத்தையும் ஒரு முறை எதிர்ப்போமே! நால்வர் ஐவராகக் கூடிச் சாத்தூரிலும் சிவகாசியிலும் அருப்புக்கோட்டையிலும் அலுவலகம் காணுங்கள். வழக்கறிஞர் அல்லாத தோழர்கள், ஆலைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கத் தொழிலாளிக்குக் கற்றுக்கொடுங்கள். கூலிச் சீட்டைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். விபத்து நடந்த வீட்டுக்கு முதல் நாளே செல்லுங்கள். சட்ட உதவி மனுவை எழுதிக் கொடுங்கள். பொதுக்கூட்ட மேடையில் கைதட்டல் பெறும் வேலை அன்று இது. ஆனால் கமுதியில் மூடிய கதவையும், சுக்கிலநத்தத்து மாலைக்குச் சட்டம் மறுத்த மதிப்பையும், சிவகாசிக் குழந்தைகள் இழந்த பள்ளியையும் மீட்டவர்கள், ஒரு தீர்ப்போடு நின்றுவிடாமல் மீண்டும் மீண்டும் சென்றவர்களே.

வழக்கம் தானாகச் சாவதில்லை. வழக்குத் தொடுத்தால் மட்டும் அது சாவதுமில்லை. வழக்கின் பின்னால் ஊர் திரண்டு நிற்க வேண்டும். அதற்குரிய சான்றோடு வழக்கறிஞர் முன்னால் நிற்க வேண்டும். அடுத்த விபத்தைத் தடுக்க முயல்வோம். அதையும் மீறி ஒரு குடும்பத்தில் துயரம் நேருமானால், அந்த வீட்டுப் பெண் மன்றத்தில் தனியே நிற்கலாகாது. அவள் கையில் சான்று இருக்க வேண்டும். அருகில் நாம் இருக்க வேண்டும்.